அமெரிக்காவின் யூதப் பேட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்ஸ்பர்க்கில் படித்த காலத்தில் ஸ்குவிரல் ஹில் என்ற பேட்டையில் ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தேன். மாடியில் நாங்கள் நான்கு தமிழ்ப் பையன்கள். கீழே வீட்டுக்காரர்களான ஒரு வயதான யூதத் தம்பதி. அவர்களைப் பார்த்துத்தான் இந்த மக்களின் வாழ்க்கை மேல் எனக்கு ஈடுபாடு வந்தது. அதற்குப் பிறகு வேலையாகவோ விடுமுறைக்கோ எந்த அமெரிக்க ஊருக்குப் போனாலும், அங்கிருக்கும் யூதப் பேட்டையை ஒரு நடை சுற்றிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. ஊரிலிருந்து வருகிற நண்பர்களும் இங்கே புதிதாகக் குடியேறுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எதை வைத்து ஒரு இடத்தை யூதர்களின் ஊர் என்று சொல்கிறார்கள்? தலைக்கணக்கா?

தலைக்கணக்கு ஒரு பகுதிதான். ப்யூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்காவில் சுமார் 75 லட்சம் யூதர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 2.4 பேர். இவர்களில் பெரும்பகுதி நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தென் புளோரிடா, சிகாகோ, பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று சில பெருநகரங்களைச் சுற்றியே வாழ்கிறார்கள்.

ஆனால் நான் எண்ணிக்கையைவிட நடை தூரத்தைத்தான் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் தொடங்கி சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும் வரை அவர்களுக்கு சபாத், அதாவது ஓய்வுநாள். ஆர்த்தடாக்ஸ் என்கிற ஆசாரப் பிரிவினர் அந்த நேரத்தில் கார் ஓட்டமாட்டார்கள். அப்படியானால் ஜெப ஆலயம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் சேர வேண்டும், ஆசாரப் பிரிவில் பத்து ஆண்கள். இதற்கு மினியன் என்று பெயர். ஆக, பத்துக் குடும்பமாவது கிட்டக்கிட்ட வீடு பிடித்தே ஆகவேண்டும். அப்புறம் அவர்களுக்கு ஒரு கறிக்கடை, ஒரு ரொட்டிக்கடை, பிள்ளைகளுக்குப் பள்ளி, மிக்வே என்கிற முழுக்குக் குளம், சாவு விழுந்தால் உடலைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார் செய்யும் சபை. இத்தனையும் கால்நடையாகப் போய்வரும் தூரத்தில் அமைந்துவிட்டால் அது பேட்டை. கார் இல்லாமல் எங்கேயும் போகமுடியாத இந்த நாட்டில், நம் கோயிலைச் சுற்றிய தெருக்கள் மாதிரி ஒரு ஊரை நான் கண்டது இவர்களிடம்தான்.

நியூயார்க்கில் எங்கே தொடங்குவது?

லோயர் ஈஸ்ட் சைடில். அதற்கு முன் கொஞ்சம் கதை.

1654இல் பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்தைப் போர்த்துகீசியர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து திரும்பப் பிடித்தபோது அங்கிருந்து தப்பிய 23 யூதர்கள், அப்போது நியூ ஆம்ஸ்டர்டாம் என்றிருந்த இந்த ஊரில் வந்து இறங்கினார்கள். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை விரட்டப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, இருக்கட்டும் விடுங்கள் என்று எழுதிவிட்டது. அந்தக் கம்பெனியில் யூதர்களும் பணம் போட்டிருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஷியரித் இஸ்ரேல் என்ற அவர்களுடைய சபை இன்றும் நியூயார்க்கில் இருக்கிறது.

பெருங்கூட்டம் வந்தது 1880களுக்குப் பிறகு. ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளும் வறுமையும் துரத்த, 1924இல் அமெரிக்கா கதவை ஏறக்குறைய மூடும் வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் வந்தார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் முதலில் தங்கியது லோயர் ஈஸ்ட் சைடின் அடுக்கு வீடுகளில்.

ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் அப்படிப்பட்ட ஒன்று. 1863இல் கட்டியது. 1935இல் வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு மாடிகளைப் பூட்டிப் போட்டார். அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1988இல் திறந்து பார்த்தவர்கள் அதையே டெனமென்ட் மியூசியம் ஆக்கினார்கள். ஒரு குடித்தனம் என்பது மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. அதற்குள்ளேயே குடும்பம், குழந்தைகள், தையல் மெஷின், துணி தேய்க்கும் பெட்டி எல்லாம். அடுப்படியில் நின்று பார்த்தால் சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிய காகிதங்கள் உரிந்து தெரியும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு குடும்பம் வந்துபோன தடம். நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நீண்ட நேரம் நின்றேன்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1887இல் திறந்த எல்ட்ரிஜ் தெரு ஜெப ஆலயம். கிழக்கு பிராட்வேயில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் வந்த ஃபோர்வர்ட்ஸ் நாளிதழின் பத்து மாடிக் கட்டடம். 1897இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை ஏப்ரஹாம் கஹான் நீண்ட காலம் நடத்தினார். 1906இல் அதில் கேள்வி பதில் பகுதி ஒன்று ஆரம்பமானது. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், மகன் ஜெபம் செய்ய மறுக்கிறான், முதலாளி தொந்தரவு செய்கிறான் என்று புதிதாக வந்தவர்கள் எழுதுவார்கள், ஆசிரியர் பதில் சொல்வார். நம் வார இதழ்களின் கேள்வி பதிலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

இந்தப் பேட்டையின் பெண்களைச் சொல்லாமல் போகக்கூடாது. 1909இல் கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுத் தையல் தொழிலாளி மேடை ஏறி யித்திஷில் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். சுமார் 20,000 பேர் வெளியே வந்தார்கள். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். நியூயார்க்கின் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் பல அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தவை. திருப்பூரையும் சிவகாசியையும் அறிந்த நாம் அந்தக் கட்டடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம். வாஷிங்டன் சதுக்கத்துக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிறது.

புரூக்ளினில் கறுப்பு கோட்டும் தொப்பியுமாக இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பிரிவா?

இல்லை. இதைத்தான் நம்மவர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசாரப் பிரிவுக்குள்ளேயே ஒரு வகையினரான ஹசிடிக் யூதர்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குரு பரம்பரை உண்டு, அந்தக் குருவை ரெபே என்பார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் சட்மார். போரோ பார்க்கில் போபோவ் முதலிய பல கூட்டங்கள். கிரவுன் ஹைட்ஸில் லுபாவிச், இவர்களையே ஹபாத் இயக்கம் என்றும் சொல்வார்கள். கிரவுன் ஹைட்ஸில் ஈஸ்டர்ன் பார்க்வே 770ஆம் எண் கட்டடம் இவர்களின் தலைமையகம். சட்மார் வெளியுலகத்திலிருந்து ஒதுங்கி இருக்கும். லுபாவிச் உலகம் முழுக்க ஆள் அனுப்பி மற்ற யூதர்களைத் தேடிப் போகும். உடை ஒன்றுபோலத் தெரிந்தாலும் தொப்பியின் வடிவத்தை வைத்தே எந்தக் கூட்டம் என்று அவர்களுக்குள் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசாரப் பிரிவினர் மொத்த அமெரிக்க யூதர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். ரிஃபார்ம் என்கிற சீர்திருத்தப் பிரிவு 37, கன்சர்வேட்டிவ் பிரிவு 17. எந்தப் பிரிவிலும் சேராதவர்கள் 32. உங்கள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் டி-ஷர்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரும் யூதராக இருக்கலாம்.

புரூக்ளினிலேயே ஓஷன் பார்க்வே பக்கம் போனால் சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து வந்தவர்கள். பிரைட்டன் பீச்சில் சோவியத் நாட்டிலிருந்து வந்தவர்கள், அங்கே கடைப்பலகை எல்லாம் ரஷ்ய மொழியில். குயின்ஸின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் உஸ்பெகிஸ்தான் பக்கத்து புகாரா யூதர்கள். அவர்களுடைய புலாவைப் பார்த்தால் நம் பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம் என்று தோன்றும்.

போரோ பார்க்கில் மாடி பால்கனிகள் ஏன் கோணல்மாணலாக இருக்கின்றன?

நல்ல கேள்வி. செப்டம்பர், அக்டோபரில் வரும் சுக்கோத் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு குடிசை கட்டி ஒரு வாரம் அதில்தான் சாப்பிட வேண்டும். கூரை கிளையும் ஓலையும் கொண்டு வேய்ந்ததாக இருக்க வேண்டும். அதற்கு மேலே திறந்த வானம்தான் இருக்கலாம். அடுக்குமாடியில் ஒரு பால்கனிக்கு நேர் மேலே இன்னொரு பால்கனி இருந்தால் குடிசை செல்லாது. அதனால் கட்டும்போதே ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளி வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பண்டிகைக்கு நான்கைந்து நாள் முன்னால் அங்கே போய்ப் பாருங்கள். நடைபாதையில் மேசை போட்டு எத்ரோக் என்ற பழம் விற்பார்கள். அது நம் நார்த்தங்காய் வகைதான். தாடி வைத்த பெரியவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தோலில் ஒரு புள்ளி, ஒரு கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காம்பு எதிர்முனையில் இருக்கும் சின்ன மூக்கு உடையாமல் இருந்தால் விலை ஏறும். ஒரு பழத்துக்கு 50 டாலர், 100 டாலர் கொடுத்து, நார்ப்பஞ்சில் பொதிந்து, குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போவார்கள். ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கிய வீட்டிலிருந்து வந்த நான் அதைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன்.

ஈருவ் என்றால் என்ன? கம்பி கட்டி வைப்பார்களாமே?

ஆமாம், கம்பிதான். சபாத் அன்று வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பது விதி. சாவி, ஜெபப் புத்தகம், கைக்குழந்தை எதுவும் கூடாது. ஆனால் ஒரு பகுதியைச் சுற்றி எல்லை வகுத்துவிட்டால் அதற்குள் இருப்பது முழுவதும் ஒரே வீட்டின் முற்றம்போல ஆகிவிடும், தூக்கிப் போகலாம். அந்த எல்லைதான் ஈருவ். மின்கம்பங்களில் மெல்லிய கம்பியோ நைலான் நரம்போ இழுத்துக் கட்டுவார்கள். ரயில் பாதைச் சுவர், ஆற்றங்கரைத் தடுப்பு எல்லாவற்றையும் எல்லையாகச் சேர்த்துக்கொள்வார்கள். மன்ஹாட்டனின் பெரும்பகுதி இப்படி ஒரு ஈருவுக்குள்தான் இருக்கிறது. தலைக்கு மேலே போவதை அங்கே நடக்கிறவர்களில் பெரும்பாலோர் கவனித்ததே இல்லை.

புயலில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மொத்த ஈருவும் செல்லாது. அதனால் ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருவர் முழு எல்லையையும் சுற்றிப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று அறிவிப்பார். இளம் தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஈருவ் இல்லாத ஊரில் கைக்குழந்தை இருக்கும் பெண் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். ஒரு ஊரில் புதிதாக ஈருவ் கட்டினால் இளம் குடும்பங்கள் அங்கே வீடு தேட ஆரம்பித்துவிடும்.

பிட்ஸ்பர்க் என்றால் எங்களுக்கு வெங்கடேஸ்வரா கோயில்தான் தெரியும். அங்கே யூதர்களா?

பென் ஹில்ஸில் இருக்கும் அந்தக் கோயில் 1970களில் எழுந்தது. அங்கிருந்து ஸ்குவிரல் ஹில் காரில் அரை மணிக்குள்தான். அடுத்த முறை பெருமாளைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வாருங்கள்.

பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் யூதர்கள் சுமார் 50,000 பேர். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் மற்ற பல ஊர்களில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு யூதர்கள் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். இங்கேயோ நகரத்துக்குள்ளேயே, நூறு வருடமாக, அதே பேட்டையில் நிலைத்துவிட்டார்கள். எல்லாப் பிரிவு ஜெப ஆலயங்களும் அங்கே ஒன்றுக்கொன்று நடை தூரத்தில். அவற்றுக்கு நடுவே கொரியக் கடை, சீனக் கடை, எங்களைப் போன்ற மாணவர்கள்.

ஃபோர்ப்ஸ் அவென்யூவும் மர்ரே அவென்யூவும் சந்திக்கும் மூலையில் யூதச் சமூக மையத்தின் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதில் எண்களுக்குப் பதில் ஹீப்ரு எழுத்துகள். அலெஃப் ஒன்று, பெத் இரண்டு. நாமும் ஒரு காலத்தில் க, உ என்று எழுத்துபோலவே எண் போட்டவர்கள்தானே. அந்த மூலையில் பஸ்ஸுக்கு நின்று நின்றே பன்னிரண்டு வரை ஹீப்ருவில் எண்ணக் கற்றுக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கீழ்வீட்டுத் தாத்தா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். என்ன என்று கேட்டேன். "படுக்கையறையில் வெளிச்சம் ரொம்ப அதிகமாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சபாத் அன்று விளக்கைத் தொடக்கூடாது, அணைத்துத் தா என்று நேரடியாகக் கேட்கவும் கூடாது. நான் போய் அணைத்தேன். மறுநாள் இரவு, நட்சத்திரம் தெரிந்த பிறகு, பாட்டி ஒரு தட்டு நிறைய நூடுல் கூகெல் கொண்டுவந்து வைத்தார்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, அந்தப் பேட்டையின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்து 11 பேரைக் கொன்றான். அந்தக் கட்டடத்தில் மூன்று சபைகள் வழிபட்டு வந்தன. இறந்தவர்களில் மூத்தவருக்கு வயது 97. அமெரிக்க வரலாற்றில் யூதர்கள் மீது நடந்த மிகக் கொடிய தாக்குதல் அது. யூத மரபில் இறந்தவரின் உடலை அடக்கம் வரை தனியே விடக்கூடாது. பிரேதப் பரிசோதனை நடந்த கட்டடத்துக்கு வெளியே ஊர்க்காரர்கள் முறை வைத்து இரவும் பகலும் வேதத்தின் சங்கீதப் பாடல்களை வாசித்துக்கொண்டு காவல் இருந்தார்கள். அமெரிக்க முஸ்லிம்கள் நிதி திரட்டி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெஜட் நாளிதழ் முதல் பக்கத் தலைப்பாக கதீஷ் ஜெபத்தின் முதல் சொற்களை ஹீப்ரு எழுத்திலேயே அச்சிட்டது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம் அது. ஆனால் அதில் சாவு என்ற சொல்லே வராது, கடவுளின் பெயர் ஓங்குக என்று மட்டுமே வரும்.

பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை 2024இல் இடித்துவிட்டார்கள். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த புதிய நினைவிடமும் வழிபாட்டு இடமும் அதே மூலையில் எழுகின்றன. போனால் வேலிக்கு வெளியே அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள்.

மிகப் பழைய ஜெப ஆலயம் எங்கே இருக்கிறது?

இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் உள்ள டூரோ ஜெப ஆலயம், 1763இல் திறந்தது. 1790இல் ஜார்ஜ் வாஷிங்டன் அந்த ஊருக்கு வந்தபோது சபையின் சார்பில் மோசஸ் செய்ஷஸ் வரவேற்புக் கடிதம் கொடுத்தார். இந்த அரசு மதவெறிக்கு இடம் கொடுக்காது, துன்புறுத்தலுக்குத் துணைபோகாது என்று அதில் எழுதியிருந்தார். வாஷிங்டன் பதில் எழுதும்போது அதே சொற்களைத் திருப்பிச் சொன்னார். இன்றுவரை வாஷிங்டன் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வரி முதலில் ஒரு யூதர் எழுதியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

தெற்கே சார்ல்ஸ்டனை விட்டுவிடாதீர்கள். 1800 வாக்கில் அமெரிக்காவிலேயே அதிக யூதர்கள் இருந்த ஊர் அதுதான், நியூயார்க் அல்ல. அங்குள்ள பெத் எலோஹிம் சபை 1749இல் தோன்றியது. இன்றுள்ள கட்டடம் 1840இல் எழுந்தது. அதைக் கட்டும்போது உள்ளே ஆர்கன் வாத்தியம் வைக்கலாமா என்று சண்டை வந்து சபையே இரண்டானது. சவானாவில் 1733இலேயே யூதர்கள் வந்து இறங்கினார்கள். பிலடெல்பியாவின் மிக்வே இஸ்ரேல் சபை கடனில் தவித்தபோது கைகொடுத்தவர்களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஒருவர்.

லாஸ் ஏஞ்சலஸ் எப்படி?

ஐந்து லட்சத்துக்கு மேல் யூதர்கள். நியூயார்க்குக்கு அடுத்த இடம். ஆனால் ஊர் பரந்து கிடப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிகோ-ராபர்ட்சன் பேட்டைக்குப் போனால்தான் கோஷர் கடைகள், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும் கடைகள், வரிசையாகத் தெரியும்.

நூறு வருடம் முன்பு பேட்டை வேறு இடத்தில் இருந்தது. பாயில் ஹைட்ஸில் யூதர், மெக்சிகோக்காரர், ஜப்பானியர் எல்லாரும் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். கேன்டர்ஸ் உணவகம் 1931இல் அங்கேதான் தொடங்கியது, பிறகு யூதர்களோடு சேர்ந்து ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவுக்கு இடம் மாறியது. ஹாலிவுட்டை எழுப்பியவர்களில் பாரமவுண்டின் அடால்ஃப் ஜூகர், யுனிவர்சலின் கார்ல் லெம்லி, எம்ஜிஎம்மின் லூயி பி. மேயர், வார்னர் சகோதரர்கள் எல்லாரும் யூதர்கள். ஊரே அவர்கள் படத்தைப் பார்த்தது, ஆனால் ஊரின் பெரிய கிளப்புகள் யூதர்களைச் சேர்க்கவில்லை. அதனால் தங்களுக்கென்று ஹில்கிரெஸ்ட் என்ற கிளப்பை 1920இல் யூதர்களே தொடங்கினார்கள்.

1979 புரட்சிக்குப் பிறகு வந்த ஈரானிய யூதர்கள் இந்த ஊரின் தனி அழகு. வெஸ்ட்வுட்டில் பாரசீக எழுத்தில் கடைப்பலகைகள் இருக்கும். 2007இல் பெவர்லி ஹில்ஸின் மேயரானவர் ஈரானில் பிறந்த யூதரான ஜிம்மி டெல்ஷாத். வெள்ளி இரவு அவர்கள் வீட்டில் கோண்டி என்ற கோழி, கடலைமாவு உருண்டைக் குழம்பு கொதிக்கும். பஸ்கா விருந்தில் ஒரு பாட்டு வரும்போது வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், எகிப்தில் அடிமைகளாகப் பட்ட சாட்டையடி நினைவாக.

சிகாகோவில் டெவான் அவென்யூவுக்கு மளிகை வாங்கப் போவோம். அங்கே ஏதாவது?

அங்கேயேதான்! காந்தி மார்க் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதே தெருவின் இன்னொரு பகுதிக்கு இஸ்ரேலின் பிரதமராக இருந்த கோல்டா மேயரின் பெயர். நம் கடைகளைத் தாண்டி மேற்கே நடந்தால் ஆசாரமான யூதர்கள் வாழும் வெஸ்ட் ரோஜர்ஸ் பார்க். சனிக்கிழமை காலை போனால் குடும்பம் குடும்பமாக நடந்து போவதைப் பார்க்கலாம்.

வடக்கே ஸ்கோகியில், 1970களில் சுமார் 70,000 பேரில் பாதிப் பேர் யூதர்கள். ஹிட்லரின் முகாம்களில் தப்பிப் பிழைத்தவர்கள் பலர் அங்கே குடியிருந்தார்கள். 1977இல் ஒரு நாஜி கூட்டம் சீருடை போட்டு அந்தத் தெருவில் ஊர்வலம் போகப்போவதாக அறிவித்தது. ஊர் தடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. பேச்சுரிமையின் பெயரால் அந்தக் கூட்டத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பெர்கரும் யூதர், அவருடைய சிவில் உரிமை அமைப்பின் தலைவர் அரியே நையர் நாஜி பெர்லினிலிருந்து குழந்தையாகத் தப்பி வந்தவர். வழக்கில் நாஜிகள் வென்றார்கள், ஆனால் கடைசியில் ஸ்கோகிக்குள் வரவில்லை. அதுவரை பிள்ளைகளிடம்கூட எதுவும் சொல்லாமல் இருந்த, முகாம்களில் தப்பிப் பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு வாய் திறந்தார்கள். 1980களில் ஒரு சின்னக் கடையில் அருங்காட்சியகம் வைத்தார்கள். அதுதான் வளர்ந்து 2009இல் இல்லினாய் ஹோலோகாஸ்ட் மியூசியமாக ஸ்கோகியில் திறந்தது. வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போகலாம், பச்சைக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

மயாமி?

குளிர்கால ஊர், ஓய்வுபெற்றவர்களின் ஊர் என்று பெயர். அதுவும் உண்மைதான். ஆனால் மயாமி பீச்சின் தொடக்க காலத்தில் ஐந்தாம் தெருவுக்குத் தெற்கே மட்டும்தான் யூதர்கள் வீடு வாங்க முடிந்தது. அந்தப் பகுதியில் எழுந்த இரண்டு பழைய ஜெப ஆலயங்கள் இன்று புளோரிடா யூத அருங்காட்சியகமாக இருக்கின்றன. 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலிருந்து வந்த யூதர்களும் உண்டு, ஸ்பானிஷில் பேசி யூதப் பண்டிகை கொண்டாடுவார்கள்.

சிறிய ஊர்களில் எதைப் பார்க்கலாம்?

பால்டிமோர். 1845இல் கட்டிய லாய்ட் தெரு ஜெப ஆலயமும் அதை ஒட்டிய அருங்காட்சியகமும் அங்கே உண்டு. வடமேற்கில் பைக்ஸ்வில் வரை நீளும் பேட்டை இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. சின்சினாட்டியில் 1866இல் எழுந்த பிளம் தெருக் கோயில், பார்ப்பதற்கு மசூதியும் தேவாலயமும் கலந்தது மாதிரி இருக்கும். அதை எழுப்பிய ஐசக் மேயர் வைஸ்தான் 1875இல் அங்கே ஹீப்ரு யூனியன் கல்லூரியைத் தொடங்கினார். நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர்களுக்கு லேக்வுட் கிட்டே. 1943இல் ரபி ஆரோன் கோட்லர் சில மாணவர்களோடு தொடங்கிய வேதபாடசாலை இன்று உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதைச் சுற்றியே ஊர் பெருத்து, 2020 கணக்கெடுப்பில் 1,35,000ஐத் தொட்டது.

யித்திஷும் ஹீப்ருவும் ஒன்றா?

எழுத்து ஒன்று, மொழி வேறு. யித்திஷ் ஜெர்மன் குடும்பத்து மொழி, வலமிருந்து இடமாக ஹீப்ரு எழுத்தில் எழுதுவது. இன்று வீட்டு மொழியாக அது வாழ்வது வில்லியம்ஸ்பர்க், போரோ பார்க் போன்ற ஹசிடிக் பேட்டைகளில்தான். அங்கே பள்ளிக்கூட பஸ்ஸின் பக்கவாட்டில்கூட யித்திஷ் எழுத்து இருக்கும். குழந்தைகள் தெருவில் அதில்தான் சண்டை போடுகிறார்கள். ஒரு மொழி உயிரோடு இருப்பதற்கு எனக்கு அதைவிட நல்ல அடையாளம் தெரியவில்லை.

கோஷர் என்று போட்டிருந்தால் சைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா?

கூடாது. கோஷர் வேறு, சைவம் வேறு. கோஷரில் மாடு, ஆடு, கோழி உண்டு, பன்றியும் சிப்பி, இறால் வகைகளும் கிடையாது. கறியும் பாலும் சேரவே கூடாது. அதனால் கடையே இரண்டு வகை: கறிக்கடை, பால் கடை. பால் கடையில் கறி இருக்காது, ஆனால் மீன் இருக்கும். பாக்கெட்டில் பாரெவ் என்று போட்டிருந்தால் பாலும் இல்லை, கறியும் இல்லை என்று பொருள். முட்டையும் மீனும் இருக்கலாம், எனவே பின்னால் இருப்பதைப் படித்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு மசியலை மாவுக்குள் வைத்துச் சுட்ட கினிஷ் பார்க்கச் சைவம்தான், சில இடங்களில் கோழிக்கொழுப்பு சேர்ப்பார்கள். கேட்டு வாங்குங்கள். அதேபோல, பழைய யூத உணவகம் என்றாலே கோஷர் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கின் புகழ்பெற்ற காட்ஸ் டெலிகேட்டசனில் கறியோடு சீஸ் வைத்த சாண்ட்விச்சும் கிடைக்கும், அது கோஷர் கடை இல்லை.

நமக்கு நல்ல சேதி ஒன்று உண்டு. மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் 28ஆம் தெருவை ஒட்டிய தென்னிந்தியச் சைவ உணவகங்கள் சில கோஷர் சான்று வாங்கி நடத்தியிருக்கின்றன. கறியே இல்லாததால் நெய் தோசைக்குத் தடை இல்லை. குல்லா போட்ட குடும்பம் ஒரு மேசையிலும் பட்டுப்புடவைக் குடும்பம் அடுத்த மேசையிலும் சாம்பார் ஊற்றிக்கொள்வதை அங்கே கண்டிருக்கிறேன்.

நாங்கள் ஜெப ஆலயத்துக்குள் போகலாமா?

பெரும்பாலும் போகலாம், ஆனால் முன்னாலேயே ஃபோன் செய்தோ மின்னஞ்சல் அனுப்பியோ கேட்டுவிடுங்கள். பிட்ஸ்பர்க் தாக்குதலுக்குப் பிறகு வாசலில் காவலர் இருப்பார், பையைப் பார்ப்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலிலேயே குல்லா வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், பழக்கத்தில் நான் ஒருமுறை கழற்றிவிட்டு நின்றேன். ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருவார்கள். சபாத் அன்று செல்போன், கேமரா, பேனா எதையும் வெளியே எடுக்கக்கூடாது. தோரா என்கிற வேதச் சுருளைத் தூக்கும்போது எல்லாரும் எழுந்தால் நீங்களும் எழுந்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை என்றால் யோசிக்கவே வேண்டாம், லோயர் ஈஸ்ட் சைட். டெனமென்ட் மியூசியத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சனிக்கிழமை மட்டும் ஆசாரமான எந்த யூதப் பேட்டைக்கும் கடை பார்க்கப் போகாதீர்கள், எல்லாம் மூடியிருக்கும்.

வெள்ளிக்கிழமை கிடைத்தால் போரோ பார்க். டி ரயிலில் 50ஆம் தெருவில் இறங்கி 13ஆம் அவென்யூவுக்கு நடங்கள். சூரியன் மறைய மூன்று மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும். அடக்கமான உடை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். தெரு முழுக்க நம் தீபாவளி முந்தின நாள் கடைத்தெரு மாதிரி இருக்கும். பூ வாங்குகிறவர்கள், மீன் வாங்குகிறவர்கள், ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் பிள்ளையுமாக ஓடுகிறவர்கள். நேரம் நெருங்கும்போது மில் சங்குபோல ஊரெல்லாம் ஒரு சங்கு ஊதும். பெண்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம் அது, சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு. அதற்குள் ஷட்டர்கள் இறங்கிவிடும், பத்து நிமிடத்தில் தெருவில் கார் சத்தமே இருக்காது. பின்னல் போட்ட ஹாலா ரொட்டி ஒன்று வாங்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கு முன்னாலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். குளிர்காலமானால் இரண்டு மணிக்கே.